ஐந்து கோல் வாங்கியவர்களைத் தேடி: கொல்கத்தா பயணக் குறிப்புகள்

வெள்ளி, மைதான்

1975 செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. ஐஎஃப்ஏ ஷீல்டு கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0.

இந்த ஒரு வரிக்காகத்தான் சென்னையிலிருந்து ரயில் ஏறி கொல்கத்தா வந்திருக்கிறேன். ஜெயித்தவர்களைப் பார்க்க அல்ல, ஐந்து வாங்கியவர்களைப் பார்க்க. கொல்கத்தாவின் இந்த இரண்டு கால்பந்து கிளப்புகளும் மோதத் தொடங்கி நூறு ஆண்டு ஆகிவிட்டது. இன்றுவரை இதைவிடப் பெரிய வித்தியாசத்தில் எந்தப் பக்கமும் தோற்றதில்லை. வடசென்னையில், வியாசர்பாடிப் பக்கம் கால்பந்து பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் கொட்டடித்துக்கொண்டு போய்விடுவார்கள். தோற்றவர்கள்தான் டீக்கடையில் ராத்திரி வரை உட்கார்ந்து, எந்த பாஸ் தப்பாகப் போனது, யாரை எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஆட்டத்தைப் பற்றி நான் கற்றதெல்லாம் அவர்களிடம்தான்.

எஸ்பிளனேடில் இறங்கி மேற்கே நடந்தால் மைதான் வந்துவிடுகிறது. இது ராணுவத்தின் நிலம். அதனால் கிளப்புகள் நினைத்தபடி கட்டடம் எழுப்ப முடியாது. கிளப் அலுவலகத்தையே இங்கே 'டென்ட்' என்றுதான் சொல்கிறார்கள். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. வழியில் கோஸ்தோ பால் சிலை நிற்கிறது. 'சீனப் பெருஞ்சுவர்' என்று பெயர் வாங்கிய மோகன் பகான் தடுப்பாட்டக்காரர். ஒரு கால்பந்து வீரருக்கு நகரத்தின் நடுவே சிலையும் அவர் பெயரில் சாலையும் இருக்கிற ஊர் இது.

மோகன் பகான் கேன்டீனில் கோழி ஸ்டூவும் டோஸ்டும் பிரசித்தம். மெலிதான குழம்பு, அதில் பெரிய கேரட், உருளைக்கிழங்கு, ஒரு துண்டு பப்பாளிக்காய், மேலே மிளகுத்தூள். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உறுப்பினர் அட்டையை லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்திருக்கிறார். எதற்காக வந்தேன் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலுமாகச் சொன்னேன். முகம் சுளிப்பார் என்று பயந்தேன். அவரோ தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "உட்கார், காட்டுகிறேன்" என்றார்.

உப்பு டப்பா மோகன் பகான் கோல்கீப்பர். டோஸ்ட் ஓரங்களைப் பிய்த்து நான்கு தடுப்பாட்டக்காரர்கள். என்னுடைய கரண்டி சுரஜித் சென்குப்தா. ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே சுரஜித் முதல் கோலைப் போட்டுவிட்டார். அப்புறம் ஷியாம் தாப்பா, அப்புறம் ரஞ்சித் முகர்ஜி. இடைவேளைக்கே மூன்று. அதற்குப் பிறகு தாப்பா இன்னொன்று. இந்த இடத்தில் பெரியவர் உப்பு டப்பாவை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மிளகு டப்பாவை கோலில் நிறுத்தினார். நான்காவது கோலோடு இளம் கோல்கீப்பர் பாஸ்கர் கங்குலியை வெளியே எடுத்துவிட்டு பிரசாந்த மித்ராவை இறக்கினார்கள். அவரையும் சுபாங்கர் சன்யால் தாண்டினார். ஐந்து. நடுவில் தாப்பா ஒரு பெனால்டியை வீணடித்தார் என்பதையும் அவரே சொன்னார். "ஆறாகியிருக்கும், அதையும் எழுதிக்கொள்" என்றார்.

அப்போது அவருக்குப் பதினேழு வயது. துர்கா பூஜைக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, புதுச்சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்த அன்று இரவு அவர் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. எதிர்வீட்டு ஈஸ்ட் பெங்கால் குடும்பம், அவர்கள் பக்கம் வெற்றிக்கு அடையாளமான இலிஷ் மீன் இரண்டைக் கயிற்றில் கட்டி, இவர்கள் வாசலுக்கு நேராகத் தெரியும்படி தொங்கவிட்டது. இவருடைய அப்பா எழுந்து போய்த் தெருப்பக்க ஜன்னல்களைச் சாத்தினார். பூஜை முடியும்வரை அந்த ஜன்னல்கள் திறக்கவே இல்லை. தைத்து வந்த சட்டையை அந்த வருஷம் போடவில்லை என்றும் சொன்னார். பேசும்போது ஒரு கையால் உப்பு டப்பாவை மடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

வீரர்கள் சிலர் ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து கங்கையில் ஒரு படகில் இரவைக் கழித்தார்கள் என்று இன்றைக்கும் மைதானில் சொல்கிறார்கள். இன்னொன்றையும் சொல்கிறார்கள், அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்குகிறது. மோகன் பகான் ரசிகரான ஓர் இளைஞர் அந்தத் தோல்வியைத் தாங்காமல் உயிரை விட்டார். அடுத்த பிறவியில் நல்ல மோகன் பகான் வீரனாகப் பிறந்து பழி தீர்ப்பேன் என்று எழுதி வைத்திருந்தார். சிலர் இதைப் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் பெருமை தெரியவில்லை. ஒரு வீடு பிள்ளையை இழந்தது, அவ்வளவுதான். பெரியவரும் அதையேதான் சொன்னார்: "அந்தப் பையன் இன்னும் பத்து மாதம் பொறுத்திருந்தால் போதும்."

பத்து மாதம் என்று அவர் சொன்னது 1976 ஜூலையை. லீக் ஆட்டத்தில் மோகன் பகானின் முகமது அக்பர் 17ஆவது விநாடியில் கோல் போட்டார். அந்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்காலை வென்றார்கள். கேலரியில் பாதிப் பேர் உட்காரக்கூட இல்லையாம். அதற்கு முன்பு ஈஸ்ட் பெங்கால் 1970 முதல் 1975 வரை ஆறு முறை தொடர்ந்து லீக் வென்றிருந்தது. ஆறு வருஷம் அடங்கிக் கிடந்தவர்களுக்கு அந்த 17 விநாடி எப்படி இருந்திருக்கும்!

சனி, சியாம்பஜார்

காலையில் வடகொல்கத்தா. குறுகலான தெருக்கள், பச்சை ஜன்னல் கதவுகள், மாடியிலிருந்து கயிற்றில் இறங்கும் காய்கறிப் பைகள். 1889இல் மோகன் பகான் தொடங்கியது இந்தப் பக்கத்தில்தான். மேற்கு வங்காளத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிற 'கோட்டி' குடும்பங்களின் பேட்டை. சுவர்களில் பச்சையும் மெரூனும், பாய்மரப் படகுச் சின்னமும்.

ஐந்து கோல் ஏன் இப்படி வலித்தது என்பதற்குப் பதில் இங்கே கிடைக்கிறது. 1911 ஜூலை 29, மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்று ஷீல்டு வாங்கியது. வெள்ளைக்கார ராணுவ அணிக்கு எதிராக ஆடியவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்கால். ஷிவதாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். ஒரு டீக்கடையில் அந்தப் பதினோரு பேரின் படம் சாமி படங்களோடு வரிசையில் இருக்கிறது, பூ வைத்திருக்கிறார்கள். அதே ஷீல்டின் இறுதி ஆட்டத்தில்தான் 1975இல் ஐந்து வாங்கினார்கள். வேறு ஏதாவது ஒரு கோப்பையில் வாங்கியிருந்தால் இவ்வளவு காலம் எரிந்திருக்காது என்றார் கடைக்காரர். சரியாகத்தான் பட்டது.

மதியம் வெயில் தாங்கவில்லை, அறைக்குத் திரும்பிவிட்டேன்.

ஞாயிறு, லேக் மார்க்கெட், ஜாதவ்பூர்

லேக் மார்க்கெட்டில் இறங்கினால் மல்லிகைச் சரம், வாழை இலை, ஃபில்டர் காப்பி. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி. நண்பர் ஒருவர் சொல்லியிருந்த தமிழ்ப் பெரியவரைக் காப்பிக் கடையில் பார்த்தேன். கொல்கத்தாவிலேயே பிறந்தவர். எழுபதைத் தாண்டிவிட்டார். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியம் வங்காளத்தில் முடிகிறது.

"நாங்க ஈஸ்ட் பெங்கால் தம்பி. அப்பா காலத்துலேருந்து."

தமிழ்க் குடும்பம் எப்படி ஈஸ்ட் பெங்கால் ஆனது? அதற்கும் கால்பந்தே காரணம். நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசை ஐந்து பேரும் தென்னிந்தியர்கள்: அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே, அகமது கான். 'பஞ்ச பாண்டவர்' என்று ஊரே கொண்டாடியது. 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று ஷீல்டு. "மதராசி, மதராசின்னு எல்லாரையும் ஒரே பேர்ல கூப்பிட்ட ஊர்ல, எங்க ஆளுங்க ஐந்து பேரைத் தோளில தூக்கிட்டுப் போனாங்க. அப்பாவுக்கு வேற கிளப் எப்படிப் பிடிக்கும், சொல்லு?"

1975 ஆட்டத்தின்போது அவர் கல்லூரி முடித்திருந்தார். ரேடியோவில் வங்காள வர்ணனை கேட்டாராம். ஐந்து கோலையும் யார் போட்டது என்று கேட்டேன். தாப்பா, சுரஜித் என்று சொல்லிவிட்டு நின்றார். ரஞ்சித் முகர்ஜி ஞாபகம் வந்தது. ஐந்தாவது? நெற்றியைத் தேய்த்தார். வெள்ளிக்கிழமை பார்த்த மோகன் பகான் பெரியவர் யார் போட்டது, எந்த வரிசையில் போட்டது, கீப்பர் எப்போது மாறினார் என்று ஒன்று விடாமல் சொன்னார். ஜெயித்த பக்கத்தில் எண்ணிக்கைதான் பத்திரமாக இருக்கிறது. ஆட்டம் முழுதாக இருப்பது தோற்ற பக்கத்தில்.

ஆனால் 1997 அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, கேலரியிலேயே இருந்திருக்கிறார். ஜூலை 13, ஞாயிறு, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக் அரங்கில் 1,31,781 பேர். இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் அத்தனை பேர் கூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா 'டைமண்ட்' என்ற புது வியூகத்தில் அணியை ஆடவைத்து, முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸை 6-0 என்று நொறுக்கியிருந்தார். அந்த வேகத்தில் எதிரணியைக் கேலி செய்தார். பைச்சுங் பூட்டியா 'சம்சம்' மிட்டாய், சோஸோ 'ஷோஷா', அதாவது வெள்ளரிக்காய், ஓமோலோ 'ஆம்லெட்'. எதிரே ஈஸ்ட் பெங்காலுக்கு பி.கே. பானர்ஜி. அவர் வாயே திறக்கவில்லை.

ஈஸ்ட் பெங்கால் 4-1. முதல் கோல் நஜிமுல் ஹக், மீதி மூன்றும் பைச்சுங். மோகன் பகானுக்கு சீமா ஒகோரி ஒன்றைத் திருப்பினார், அவ்வளவுதான்.

"வெளில வரும்போது வெள்ளரிக்காய்க்காரன் ஒருத்தன் கூடையோட நின்னான். எங்க பசங்க மொத்தக் கூடையையும் வாங்கி, உப்பு மிளகாய்ப்பொடி தடவி, மோகன் பகான்காரங்க கையில கொடுத்தாங்க. அடி விழும்னு நெனச்சேன். ஒரு வயசானவர் வாங்கிக் கடிச்சார். 'இன்னிக்கு நீங்க கொடுத்தா வாங்கித்தான் ஆகணும்'னு சொல்லிட்டு நடந்துட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு தம்பி. அதுக்கப்புறம் நான் கத்தல."

சண்டையின்றி அந்தக் கூட்டம் கலைந்தது பெரிய விஷயம். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இதே இரண்டு அணிகளின் ஆட்டத்தில் கேலரியில் கலவரம் மூண்டு 16 ரசிகர்கள் செத்தார்கள். இந்த ஊரில் எல்லோருக்கும் அந்தத் தேதி தெரியும். அந்த நாளில் இப்போது ரத்ததான முகாம் நடத்துகிறார்கள்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் ஜாதவ்பூர் போய், அங்கிருந்து பிஜய்கர். இரண்டாம் உலகப்போர்க்கால ராணுவக் கொட்டகைகளில், பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் குடியேறி உருவாக்கிய காலனி. டாக்கா, பரிசால், மைமன்சிங் என்று விட்டுவந்த ஊர்ப் பெயர்களை இன்றும் சொல்கிறார்கள். ஈஸ்ட் பெங்கால் கிளப் 1920இல், பிரிவினைக்கு வெகு காலம் முன்பே தொடங்கியது. ஆனால் 1947க்குப் பிறகு வீடும் வயலும் போனவர்களுக்குத் தங்கள் மண்ணின் பெயரைத் தாங்கி நின்ற ஒரே பெரிய அமைப்பு அதுதான். அகதி என்று ஏளனமாகப் பார்த்த ஊரில், களத்தில் மட்டும் இருவருக்கும் பதினோரு பேர். 5-0 ஏன் இங்கே கல்யாண நாள்போல நினைவில் நிற்கிறது என்பது இந்தச் சந்துகளில் நடந்தால் புரியும். மோகன் பகான் வீட்டில் ஜன்னல் சாத்தியதைக் கேட்டுக் கலங்கியவன், இங்கே அந்த வெற்றியின் அருமையையும் பார்த்தேன். இரண்டும் உண்மைதான்.

மீன் கடையில் இலிஷ் வெள்ளி வெள்ளியாக அடுக்கியிருந்தது. நம் ஊரில் உல்லம் என்போம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும். தோற்றால்? கடைக்காரர் யோசிக்காமல் சொன்னார்: "தோற்ற அன்று எங்கள் பக்கம் யாரும் மீனே வாங்க மாட்டார்கள். பருப்புதான்."

திங்கள், சால்ட் லேக்

மெட்ரோ அரங்கத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. 1984இல் திறந்த அரங்கம். 2017 இளையோர் உலகக் கோப்பைக்காக இருக்கைகள் போட்டதில் கொள்ளளவு சுமார் 85,000 ஆகக் குறைந்துவிட்டது. இன்று ஆட்டம் இல்லை. வெளியே ஜெர்சி விற்கும் இளைஞனிடம் நின்றேன். சிவப்பும் மஞ்சளும் ஒரு பக்கம், பச்சையும் மெரூனும் மறு பக்கம், நடுவில் ஒரு கயிறு. அவன் எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டியதில்லை, கையில் ஈஸ்ட் பெங்கால் சின்னமான தீப்பந்தத்தைப் பச்சை குத்தியிருக்கிறான்.

அவனுக்கு 1975 தாத்தா கதை. அவனுடைய வலி வேறு. 2009 அக்டோபர் 25, ஐ-லீக், மோகன் பகான் 5, ஈஸ்ட் பெங்கால் 3. எடே சிடி ஒருவரே நான்கு. அப்போது இவனுக்குப் பத்து வயது, அப்பாவோடு கேலரியில் இருந்திருக்கிறான். நான்காவது விழுந்ததும் அப்பா எழுந்து போய்விடலாம் என்றாராம். இவன் வரமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஐந்தாவதையும் பார்த்தார்கள். மோகன் பகான் பக்கத்தில் பெரியவர்கள் அழுதார்களாம், ஐந்து விரலையும் விரித்துக் காட்டிக்கொண்டே. 34 வருஷம் காத்திருந்த ஐந்து அது.

"ஆனால் நாங்கள் மூன்று போட்டோம். அவர்கள் 1975இல் ஒன்றுகூடப் போடவில்லை" என்றான். இந்தக் கணக்கு ஊர் முழுக்க ஓடுகிறது. கடன் அடைந்தது என்பது ஒரு கட்சி, 5-3 வேறு 5-0 வேறு என்பது மறு கட்சி. மோகன் பகான்காரர்கள் மனம் புண்படலாம், ஆனால் என்னைக் கேட்டால் பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அணி மாறுகிறவர்கள் மீது ரசிகர்களுக்குக் கோபம் இல்லையா என்று கேட்டேன். இந்த ஊரில் அது வேறு விதமாக நடக்கிறது. 1975இல் நான்கு கோல் வாங்கிய பாஸ்கர் கங்குலி அடுத்த வருஷம் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், பெரிய கீப்பராகி, 1982 ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குக் கேப்டனானார். அடித்த ஷியாம் தாப்பா மோகன் பகானுக்கு வந்து, 1978இல் ஈஸ்ட் பெங்கால் வலைக்குள்ளேயே சைக்கிள் கிக் அடித்தார். ஜெயிக்க வைத்த பி.கே. பானர்ஜியும் 1976இலேயே மோகன் பகானுக்குப் பயிற்சியாளராகிவிட்டார். சிடிகூடப் பின்னாளில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார். வீரர்கள் போவார்கள், வருவார்கள். கேலரியில் இருப்பவர்கள்தான் இடம் மாறுவதில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு வரை இவனைப் போன்றவர்களுக்குக் கொடுமையான காலம். டெர்பி என்று அழைக்கப்படும் இந்த இரு அணிகளின் மோதலில் தொடர்ந்து எட்டு தோல்வி. தோற்ற மறுநாளும் கடையில் இரண்டு நிற ஜெர்சியையும் விற்றாக வேண்டும். கயிற்றின் மறுபக்கத்து ஜெர்சி அன்று காலையிலேயே தீர்ந்துவிடும். வாங்க வருகிறவர்கள் இவன் கையில் குத்தியிருக்கும் தீப்பந்தத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டேன். "எதற்கு?" என்றான்.

ஊர் எது என்று அப்போதுதான் கேட்டான். சென்னை என்றேன். கடையை விட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "நந்தா!"

2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை, இதே அரங்கம். அந்த எட்டுத் தோல்விகளுக்கு முற்றுப்புள்ளி வைத்த ஒரே கோலை அடித்தவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் தூரத்து மூலைக்கு. அந்தக் கோலை இவன் நடைபாதையிலேயே ஓடிக் காட்டினான், ஒரு ஜெர்சி மூட்டையைத் தாண்டி. அன்று இரவு வீட்டில் இலிஷ் வாங்கினீர்களா என்று கேட்டேன். கடைகள் மூடிவிட்டன, மறுநாள் காலை அப்பா முதல் ஆளாகப் போய் நின்றார் என்றான்.

ஒரு ஜெர்சி எடுத்தேன். காசு வேண்டாம் என்றான், நான் விடவில்லை. பச்சை மெரூனிலும் ஒன்று கேட்டதும் முகம் ஒரு நொடி மாறியது. மைதானில் ஸ்டூ சாப்பிட்ட பெரியவருக்கு என்று விளக்கினேன், அவருக்குப் பதினேழு வயதில் நடந்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், கயிற்றைத் தாண்டிப் போய், இருந்ததில் நல்லதாகத் தேடி எடுத்து மடித்துக் கொடுத்தான். "ஐந்தையும் நேரில் பார்த்தவரா? அளவு என்ன?" என்று கேட்டான்.